பதுவையில் ஒரு நாள்: ஜோத்தோவிலிருந்து அந்தோனியாருக்கா, அந்தோனியாரிடமிருந்து ஜோத்தோவுக்கா?

ரயிலை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் நடப்பது என்பது பதுவையில் சின்னக் கேள்வி இல்லை. அன்றைய நாள் எப்படி அமையும் என்பதே அதில்தான் இருக்கிறது.

ஊரின் அமைப்பு அப்படி. ரயில் நிலையம் வட கோடியில். புனித அந்தோனியார் பேராலயம் தெற்கே. இரண்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் சொச்சம். இத்தாலிய ஓவியர் ஜோத்தோ சுவர்களில் வரைந்த ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம், குண்டுவீச்சில் சிதைந்து மீண்ட எரெமிதானி ஆலயம், நகர அருங்காட்சியகம், காய்கறிச் சந்தைக்கு மேலே நிற்கும் மாபெரும் மண்டபம், திருமுழுக்குக் கூடம் என்று பார்க்க வேண்டிய அத்தனையும் இந்த வழியிலேயோ, அதிலிருந்து ஐந்து நிமிட நடையிலோ கோத்துவைத்ததுபோல இருக்கின்றன. தெருவோரங்களில் வளைவுத் தாழ்வாரங்கள் தொடர்ந்து வருவதால் வெயிலும் மழையும் பெரிதாகப் படுத்துவதில்லை. நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர்.

இத்தாலியர்கள் பாதோவா என்பார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்த ஊரின் பெயர் செபப் புத்தகத்திலிருந்தே தெரியும்: பதுவைப் பதியர், கோடி அற்புதர். உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நாம் கும்பிடுகிற அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில். அடக்கம் செய்யப்பட்டது இங்கே. ஆகவே வெனிஸ் வரை வரும் நம்மவர்கள் பலரும் பதுவைக்கென்று ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். அந்த ஒரு நாளை எப்படி நடப்பது? நான் இந்த ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு விதமாக நடந்திருக்கிறேன். முதல் முறை தவறாக நடந்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் பதினைந்து நிமிடம்

வழியைத் தேர்வதற்கு முன்னால் ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தின் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற பெரும்பாலான இடங்களுக்கு நாம் போகிற நேரத்துக்குப் போகலாம். இதற்கு அவர்கள் தருகிற நேரத்துக்குத்தான் போக முடியும். முன்பதிவு கட்டாயம். ஒரு முறைக்கு அதிகபட்சம் 25 பேர். முதலில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில் கால் மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். நம் உடைகளிலும் மூச்சிலும் வருகிற ஈரமும் தூசும் ஓவியத்தைப் பாதிக்காமலிருக்க, காற்றைச் சீராக்குவதற்கான அறை அது. பிறகு உள்ளே கால் மணி நேரம். மணி அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். பைகளை முன்பே ஒப்படைத்துவிட்டு, குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய் நிற்க வேண்டும். தவறவிட்டால் போனது போனதுதான். கோடை காலத்தில் அடுத்த முறைக்கு இடம் இருக்கும் என்று நம்ப முடியாது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று உள்ளே போனவர்கள் கேட்பதில்லை. என்ரிகோ ஸ்க்ரொவேஞ்ஞி என்ற பணக்காரர், பழைய ரோமானியக் களரி இருந்த நிலத்தை 1300இல் வாங்கி, அங்கே கட்டிய ஆலயம் இது. 1305 மார்ச் 25 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அவருடைய தந்தை ரெஜினால்தோ வட்டித்தொழிலுக்குப் பேர்போனவர். எந்த அளவுக்கு என்றால், கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் வட்டிக்காரர்களோடு உட்காரவைத்தார். வாசல் பக்கச் சுவரில் ஜோத்தோ வரைந்திருக்கும் இறுதித் தீர்ப்பில், பணப்பையின் கயிற்றிலேயே தொங்குகிற வட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அதே சுவரில், சிலுவைக்கு அந்தப் பக்கம், மண்டியிட்ட என்ரிகோ இந்த ஆலயத்தின் சிறு வடிவத்தை மாதாவுக்குக் காணிக்கையாக நீட்டுகிறார். தகப்பனின் பாவத்துக்கு மகன் செய்த பரிகாரம் என்று பலர் சொல்வதுண்டு. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், கட்டியவரின் பயமும் ஆசையும் ஒரே சுவரில் இருக்கின்றன.

ஆக, எந்தத் திட்டம் போட்டாலும் இந்தக் கால் மணி நேரம்தான் முளை. மற்றதெல்லாம் அதில் கட்டிய கயிறு. அதை நாளின் தொடக்கத்தில் அடிப்பதா, முடிவில் அடிப்பதா என்பதே நம் கேள்வி.

வடக்கிலிருந்து தெற்கு

பயணக் கையேடுகள் சொல்வதும் பெரும்பாலானவர்கள் நடப்பதும் இந்த வழிதான். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஸ்க்ரொவேஞ்ஞி. காலையில் அதைப் பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டில் பக்கத்து அருங்காட்சியகம். பிறகு எரெமிதானி ஆலயம். மதியம் சந்தைப் பகுதி, திருமுழுக்குக் கூடம். மாலையில் அந்தோனியார்.

இந்த வரிசைக்கு ஒரு பலமான நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஓவியம் வளர்ந்த வரிசையும் ஏறக்குறைய இதுதான். 1305இல் ஜோத்தோ. அவருக்கு எழுபது ஆண்டுகள் கழித்துத் திருமுழுக்குக் கூடத்தில் ஜூஸ்தோ. அதன் பின்னால் அந்தோனியார் பேராலயத்தை ஒட்டிய சிறு கூடத்தில் அல்திகியேரோ. கடைசியாக, அங்கேயே இன்னொரு கட்டடத்தின் மாடியில், 1511இல் இளைஞராக இருந்த தித்ஸியானோ வரைந்த மூன்று ஓவியங்கள். ஒரே நடையில் இருநூறு ஆண்டு ஓவிய வரலாறு காலவரிசைப்படி விரிகிறது. ஓவியம் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பதுவையின் பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் முழுவதையும், எட்டுக் கட்டடங்களாகச் சேர்த்து, யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜோத்தோ முதலில், மற்றவர்கள் அவரைத் தொடர்ந்து என்ற இந்தத் தொடர்ச்சி அதற்கு முக்கியமான காரணம்.

ஆனால் நான் அம்மாவோடு போனேன். ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான் வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார். அந்தோனியார் அடக்கம் செய்யப்பட்ட கிழமை அது. நம் ஊர் ஆலயங்களில் செவ்வாய் தவறாமல் நவநாள் நடப்பதும் அதனால்தான். காலை 11 மணிக்கு ஸ்க்ரொவேஞ்ஞியில் பதிவு செய்திருந்தேன். வெனிசிலிருந்து கிளம்பிய ரயில் வழியில் நின்றுவிட்டது. முப்பது நிமிடம், நாற்பது நிமிடம். பதுவையில் இறங்கியபோது பத்தே முக்கால். அறுபத்தெட்டு வயது அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த வெயிலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் உள்ளே நின்ற பதினைந்து நிமிடத்தில் அம்மா பாதி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மீதி நேரம் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதன் பின் அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு, சந்தை. அந்தோனியாரிடம் போனபோது மாலை ஐந்தைத் தாண்டிவிட்டது. கல்லறையைச் சுற்றி வரிசை நீண்டிருந்தது. அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. கல்லறையின் பின்பக்கத்துப் பளிங்குப் பலகையில் கையை வைத்தார். நின்று செபிக்க அவரால் முடியவில்லை, பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபடி ஒன்று சொன்னார்: “சாமியைக் கடைசியில் பார்க்கவைத்துவிட்டாயே.”

வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை வழியை மாற்றியதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

தெற்கிலிருந்து வடக்கு

இரண்டாம் முறை நவம்பரில், ஒரு நண்பரோடு. முதல் நாள் இரவே பதுவையில் தங்கினோம். ஆனால் வெனிசிலிருந்து அதிகாலை ரயிலில் வந்தாலும் இதே வழி சரிவரும். ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து டிராம் புறப்படுகிறது. நடுவில் ஒற்றைத் தண்டவாளம், ரப்பர் சக்கரம். ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் பேராலயத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். நிறுத்தத்தின் பெயர் ‘சாந்தோ’. புனிதர் என்று பொருள். எந்தப் புனிதர் என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. பெயரில்லாத புனிதர், புல்லில்லாத புல்வெளி, கதவில்லாத காபிக்கடை என்று பதுவைக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். புல்லில்லாத புல்வெளி என்பது தெற்கே உள்ள ப்ராத்தோ தெல்லா வாள்ளே சதுக்கம். கதவில்லாத காபிக்கடை, ஒரு காலத்தில் இரவும் பகலும் திறந்தே இருந்த பெத்ரோக்கி.

பேராலயத்தை விடியற்காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். அனுமதி இலவசம், மதிய இடைவேளையும் கிடையாது. ஏழரை மணிக்கு நாங்கள் போனபோது சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லை. வந்திருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். சந்தைக்குப் போகிற வழியில் பையோடு நுழைந்து, கல்லறையைத் தொட்டு, நெற்றியில் கை வைத்து, போய்க்கொண்டே இருந்தார்கள். எட்டுக் குவிமாடங்களோடு வெளியிலிருந்து கீழைத் தேசத்துக் கோவில்போலத் தெரிகிற இந்த ஆலயத்தை 1232இல் கட்டத் தொடங்கினார்கள். அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13. அடுத்த ஆண்டு மே 30 அன்றே புனிதர் பட்டம். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

கல்லறைப் பீடத்தின் சுவர்களில் அவருடைய அற்புதங்கள் பளிங்குப் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. அவ்வளவும் முதல்தரமான வேலை. ஆனால் அந்த நேரத்தில் என் கண் போனது பின்பக்கத்துப் பலகையின் மேல்தான். கரும்பச்சைப் பளிங்கு. நூற்றாண்டுகளாகத் தொட்ட கைகளால் எண்ணெய் தடவியதுபோல மினுக்குகிறது. பக்கத்தில் பக்தர்கள் வைத்துவிட்டுப் போன புகைப்படங்கள்: குழந்தைகள், மருத்துவமனைப் படுக்கையில் ஒருவர், திருமணக் கோலத்தில் ஒரு ஜோடி. ஓர் அம்மாள் நெற்றியைப் பலகையில் சாய்த்து நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

கல்லறைக்கு நேர் எதிரே, ஆலயத்தின் மறுகையில், புனித யாக்கோபு சிற்றாலயம். அல்திகியேரோ 1370களில் வரைந்த சிலுவைப்பாடு ஒரு சுவர் முழுக்க விரிந்திருக்கிறது. பலிபீடத்தின் பின்னால், திருப்பண்டங்களுக்கான சிற்றாலயத்தில் அந்தோனியாரின் நாக்கு. 1263இல் கல்லறையைத் திறந்தபோது அது அழியாமல் இருந்ததாக நம்பப்படுகிறது. சிறந்த பிரசங்கியாக இருந்தவரின் நாக்கு என்பதால் தனியாக எடுத்துவைத்துப் போற்றுகிறார்கள். முதன்மைப் பீடத்தின் வெண்கலச் சிலைகள் தொனாத்தெல்லோவின் கைவேலை. தொழ வந்தவரும் கலையைப் பார்க்க வந்தவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கொருவர் இடைஞ்சலில்லாமல் இருக்க முடிகிற நேரம் அந்தக் காலை நேரம் மட்டும்தான். பத்து மணிக்குமேல் பேருந்துகள் வந்துவிடுகின்றன.

வெளியே வந்ததும் சதுக்கத்திலேயே புனித ஜார்ஜ் கூடம். டிக்கெட் உண்டு, தவறாமல் வாங்க வேண்டும். பேராலயத்தைப் பார்த்துவிட்டு இதைக் கடந்து போகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. ஒரே நீண்ட அறை. 1379 முதல் 1384 வரை அல்திகியேரோ நான்கு பக்கமும் வரைந்தது. அங்கே புனித லூசியாவின் கதையில் ஒரு காட்சி: அவளை இழுத்துக்கொண்டு போகக் கட்டளை பிறந்துவிட்டது, கயிறு கட்டி மாடுகளைப் பூட்டியிருக்கிறார்கள், அவள் அசையவில்லை. மாடுகளின் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது, கால்கள் மண்ணில் ஊன்றியிருக்கின்றன. அவள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறாள். வண்டிமாட்டை மேட்டில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த ஓவியர் மாடுகளை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்று புரியும்.

அங்கிருந்து தெற்கே ஐந்தாறு நிமிடம் நடந்தால் ப்ராத்தோ சதுக்கமும் சாந்தா ஜுஸ்தீனா பேராலயமும். நற்செய்தியாளர் லூக்காவின் கல்லறை அங்கே இருக்கிறது. பரந்து வெறிச்சென்று இருக்கும் ஆலயம். எனக்கு அந்த வெறுமை பிடித்திருந்தது. மதியம் மூடிவிடுவார்கள். ஆகவே தெற்கிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு மட்டுமே இது எளிதாகக் கிடைக்கும். வடக்கிலிருந்து வருகிறவர்கள் வந்து சேரும்போது கால் ஓய்ந்திருக்கும், பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு வடக்கே திரும்பி, ஊரின் நடுவுக்கு. மதியச் சாப்பாட்டுக்கு, பலாத்ஸோ தெல்லா ரஜோனெ என்ற அந்த மாபெரும் மண்டபத்தின் கீழ்த்தளத்தைவிட நல்ல இடம் இல்லை. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் விற்கிற கடைகள், இரண்டு பக்கமும் காய்கறி, பழச் சந்தைகள். மாடியில், கப்பலைக் கவிழ்த்துப் போட்டதுபோன்ற கூரையின் கீழ் சுமார் 80 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் கொண்ட பழைய நீதிமன்ற மண்டபம். ஒரு மூலையில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் மரக்குதிரை, 1466இல் ஓர் ஊர்வலத்துக்காகச் செய்தது. குழந்தைகள் கூட வந்தால் இந்த மண்டபத்தை விட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து மேற்கே ஐந்து நிமிடத்தில் திருமுழுக்குக் கூடம். ஊரை ஆண்ட கர்ராரா குடும்பத்து மருமகள் ஃபீனா புஸ்ஸக்கரீனி தன் செலவில் ஜூஸ்தோ தெ மெனபுவாயைக் கொண்டு 1370களில் வரையச் செய்தது. அண்ணாந்து பார்த்தால் குவிமாடம் முழுவதும் மோட்சம்: நடுவில் கிறிஸ்து, அவரைச் சுற்றி வட்டம் வட்டமாகப் புனிதர்கள், ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு பொன்வட்டம். கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். 1405இல் ஊரைப் பிடித்த வெனிஸ்காரர்கள் இங்கிருந்த கர்ராரா கல்லறைகளை அகற்றிவிட்டார்கள். ஓவியத்தில் மண்டியிட்டிருக்கும் ஃபீனா மட்டும் இன்னும் இருக்கிறார்.

சிதறிய சுவரும் சிதறாத சுவரும்

இந்த வழியின் கடைசிப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமானது. ஸ்க்ரொவேஞ்ஞிக்குள் நுழையும் முன் எரெமிதானி ஆலயத்தைப் பார்க்க வேண்டும், இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அகுஸ்தீனார் சபைத் துறவிகளின் ஆலயம் இது. பலிபீடத்துக்கு வலப்பக்கம் உள்ள ஒவெத்தாரி சிற்றாலயத்தில் மாந்தேஞ்ஞா என்ற ஓவியர் 1448இல் வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. 1944 மார்ச் 11 அன்று நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் ஆலயத்தின் மேல் விழுந்தன. அந்தச் சிற்றாலயம் தூளானது. சுவரிலிருந்து முன்பே பெயர்த்து எடுத்துவைத்திருந்த சில பகுதிகள் மட்டும் தப்பின. மற்றவை எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பொறுக்கி எடுக்கப்பட்டு, பெட்டிகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பிறகு, போருக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு ஒவ்வொரு துண்டையும் கணினியில் ஒப்பிட்டு, எது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து ஒட்டினார்கள்.

இன்று அந்தச் சுவரின் முன் நின்றால் தெரிவது சாம்பல் நிறத்தில் பெரிதாக்கிய பழைய புகைப்படம். அதன்மேல் அங்கங்கே நகத்தளவும் உள்ளங்கை அளவும் வண்ணத் துண்டுகள். ஒரு முழங்கால், ஒரு கேடயத்தின் விளிம்பு, யாரோ ஒருவருடைய அரை முகம். இடையில் இருப்பதெல்லாம் நிழல். நண்பர் அங்கே நின்று வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த இடத்திலிருந்து ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம் நூறு மீட்டர் தூரம்தான். குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் ஜோத்தோவும் இப்படிப் பெட்டியில் துண்டுகளாகத்தான் கிடந்திருப்பார். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

நாங்கள் பதிவு செய்திருந்தது பிற்பகல் மூன்றரை. அதற்கு முன் அருங்காட்சியகத்தில் ஒன்றிரண்டை மட்டும் பார்த்தோம். ஸ்க்ரொவேஞ்ஞியிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் ஜோத்தோவின் சிலுவை ஓவியத்தையும், குவரியெந்தோ வரைந்த வானதூதர்களையும் பார்த்தால் போதும். தொல்லியல் பகுதியை நேரமிருப்பவர்கள் பார்க்கட்டும். கண்ணாடி அறையில் உட்கார்ந்த கால் மணி நேரம், காலையிலிருந்து நடந்த காலுக்கு இதமாக இருந்தது. பிறகு கதவு திறந்தது.

கதை தொடங்குவது, ஜன்னல்கள் உள்ள தெற்குச் சுவரின் மேல்வரிசையில், பலிபீடத்தை ஒட்டி. அங்கிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது: மாதாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னம்மாள், மாதா, இயேசுவின் பிறப்பு, பாடுகள். கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் படிக்க முயன்றால் எதுவும் நிற்காது. நான் ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். அதே சுவரின் கீழ்வரிசையில் யூதாஸின் முத்தம். தடிகளும் தீவட்டிகளும் ஈட்டிகளும் வானத்தில் குத்திக்கொண்டு நிற்கின்றன. கூட்டம் நெருக்குகிறது. அதன் நடுவில் யூதாஸின் மஞ்சள் மேலாடை இயேசுவை முழுவதுமாகப் போர்த்தி மூடிவிட்டது. வெளியே தெரிவது அவருடைய தலை மட்டும். இரண்டு முகங்களும் பக்கவாட்டில், ஒரு விரற்கடை இடைவெளியில். யூதாஸ் உதட்டைக் குவித்து அண்ணாந்து பார்க்கிறான். இயேசு குனிந்து அவன் கண்ணுக்குள் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவனை முழுக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கிற பார்வை அது. நான் பார்த்த நேரத்தில் தெற்கு ஜன்னல்களில் பிற்பகல் வெளிச்சம் இருந்தது. எதிர்ச்சுவரில் இறந்த மகனை மடியில் தாங்கிய மாதாவின் மேல் அது மெல்ல விழுந்தது. மணி அடித்தபோது யாரும் உடனே நகரவில்லை.

காலையிலிருந்து பார்த்த மாடுகளும் மோட்சமும் சிதறிய முழங்காலும், எல்லாமே இந்த அறையிலிருந்து கிளம்பியவைதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆற்றை எதிர்த்து நடந்து ஊற்றுக்கண்ணில் வந்து நின்றதுபோல. காலவரிசைப்படி நடந்தவருக்கு வரலாறு புரியும். எதிராக நடந்தவருக்கு ஜோத்தோ புரிவார். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

நடைமுறைக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. காலை முறைக்குப் பதிவு செய்தால் ரயில் தாமதம் முழுவதும் ஸ்க்ரொவேஞ்ஞியின் தலையில் விழும். பிற்பகல் முறைக்குப் பதிவு செய்தால் நாள் முழுவதும் கையில் இருக்கிறது. தாமதமானால் மண்டபத்தையோ சாந்தா ஜுஸ்தீனாவையோ விட்டுக்கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: குளிர்காலத்தில் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இயற்கை வெளிச்சத்தில் பார்க்க விரும்பினால் நவம்பர் முதல் ஜனவரி வரை மூன்றரைக்கு மேல் பதிவு செய்யாதீர்கள்.

இரண்டு நாள் தங்குவது, குழுவோடு போவது

இரண்டு நாள் தங்க முடிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே பாதி கரைந்துவிடுகிறது. 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் நகர அட்டை விற்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள எட்டு இடங்களுக்கும் அதிலேயே அனுமதி, டிராமும் அடக்கம். அட்டை கையில் இருந்தாலும் ஸ்க்ரொவேஞ்ஞிக்கு நேரத்தைத் தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. இரண்டாம் நாள் இருந்தால் கர்ராரா அரண்மனைச் சிற்றாலயத்தையும், 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் 1590களில் கட்டிய உடற்கூறு அரங்கையும், கலிலியோ நின்று பாடம் நடத்தியதாகச் சொல்லப்படும் மேடையையும் பார்க்கலாம். ஒரே நாள் இருப்பவர்கள் இவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

வெனிசிலிருந்து அரை நாள் நடைச் சுற்றுலாக் குழுக்கள் வருகின்றன. என் அக்கா குடும்பம் அப்படி ஒரு குழுவோடுதான் வந்தது. வழிகாட்டி நன்றாக விளக்கினார், ஸ்க்ரொவேஞ்ஞி டிக்கெட் கவலை இல்லை; மொழியும் இடமும் புதிதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பேராலயத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அக்கா மெழுகுவர்த்தி வாங்கப் போனபோது குழு நகர்ந்துவிட்டது. ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டார். நேர்த்திக்கடனோடு வருகிறவர்களுக்குக் குழு வேண்டாம். ஓவியங்களை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு, அதுவும் தனியாகப் படித்துத் தயாராக நேரமில்லாதவர்களுக்கு, குழு நல்லதுதான். நடுவழி ஒன்றும் இருக்கிறது: காலையில் நீங்களே அந்தோனியாரிடம் போய்விட்டு, பிற்பகல் நகர நடுவிலிருந்து தொடங்கும் உள்ளூர் வழிகாட்டியோடு ஸ்க்ரொவேஞ்ஞி வரை நடப்பது.

எந்தக் கிழமை என்பதையும் யோசியுங்கள். திங்களன்று ஸ்க்ரொவேஞ்ஞி திறந்திருந்தாலும் அருங்காட்சியகமும் பெரிய மண்டபமும் மூடியிருக்கும். ஞாயிறு காலை ஆலயங்களில் திருப்பலி நடக்கும். அப்போது ஓவியம் பார்க்கச் சுற்றிவருவது அவர்களுக்கும் நமக்கும் நன்றாக இருக்காது. ஜூன் 13 திருவிழா. அன்று ஊரே பவனியில் இருக்கும்; பக்தியோடு வருகிறவர்களுக்கு அது பெரும் பேறு, ஓவியங்களுக்காக வருகிறவர்கள் வேறு நாளைப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த நாளானாலும் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும்.

நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் இன்னொரு மாற்றம் செய்யலாம். பேராலயத்தில் ஒன்றரை மணி நேரம் தாராளமாக இருக்கட்டும். பிறகு டிராமிலேயே எரெமிதானி நிறுத்தத்துக்கு வந்துவிடலாம். சந்தை, மண்டபம், திருமுழுக்குக் கூடம் மூன்றையும் விட்டுவிட்டு, எரெமிதானி ஆலயமும் ஸ்க்ரொவேஞ்ஞியும் மட்டும். மொத்த நடையே ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். எதை விட்டோம் என்ற குறை அவர்களுக்கு இருக்காது.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. வருகிற மே மாதம் மறுபடியும் கூட்டிப் போகிறேன். செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்குள் பேராலயத்தில் இருப்போம். ஸ்க்ரொவேஞ்ஞிக்கு நான்கு மணிக்குப் பதிவு செய்யப் போகிறேன். இடையில் எதையும் திட்டமிடவில்லை.